வியாழக்கிழமை விருந்துக்கு ஞாயிற்றுக்கிழமையே தொடங்கும் வேலை

அமெரிக்க அதிபர் தம் அலுவலகத்தில் அமர்ந்தபடி தொலைபேசியில் பேசுகிறார். மறுமுனையில் இருப்பவர் வேற்று நாட்டுத் தலைவர் அல்லர். வான்கோழி சமைப்பது பற்றி ஆலோசனை சொல்லும் ஊழியர். தம் உண்மைப் பெயரை மறைத்து, ஏதோ ஓர் ஊரில் இருக்கும் சாதாரணக் குடும்பத் தலைவர் போல நடித்து, பறவையின் வயிற்றுக்குள் ரொட்டிக் கலவையை அடைத்துச் சமைத்தால் விருந்தினருக்கு ஆபத்து வருமா என்று அதிபர் கேட்கிறார். 2001ஆம் ஆண்டு நவம்பரில் ஒளிபரப்பான 'தி வெஸ்ட் விங்' தொலைக்காட்சித் தொடரில் இடம்பெற்ற காட்சி இது. அதிபராக நடித்தவர் மார்ட்டின் ஷீன்.

காட்சி சிரிப்பதற்காக எழுதப்பட்டது. ஆனால் அந்தத் தொலைபேசிச் சேவை கற்பனை அல்ல. வான்கோழி விற்கும் பட்டர்பால் நிறுவனம் 1981ஆம் ஆண்டு ஆறு மனையியல் வல்லுநர்களை அமர்த்தி அதைத் தொடங்கியது. அந்த ஒரு பண்டிகைக் காலத்தில் மட்டும் 11,000 கேள்விகள் வந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து, 1985இல், அமெரிக்க வேளாண் துறையும் இறைச்சி பற்றிய சந்தேகங்களுக்கென்று தனித் தொலைபேசிச் சேவையை ஏற்படுத்தியது. இரண்டும் இன்றுவரை நடக்கின்றன.

பள்ளிக்கூடத்தில் மயிலைப் பார்த்துச் சிறகு விரித்த பறவை என்று மட்டுமே வான்கோழியை அறிந்தவர்களுக்கு, ஒரு பறவையைச் சமைக்க இத்தனை ஏற்பாடா என்று வியப்பு வரலாம். வாரந்தோறும் கோழிப் பிரட்டல் செய்யும் கைக்கு வான்கோழி எம்மாத்திரம் என்றும் தோன்றலாம்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. கோழிக் குழம்பில் இறைச்சி சிறு துண்டுகளாகக் கொதிக்கும் குழம்பில் கிடக்கிறது. ஒரு துண்டை எடுத்துப் பிய்த்துப் பார்க்கலாம். உப்புக் குறைந்தால் போடலாம். காரம் கூடினால் தேங்காய்ப் பால் ஊற்றலாம். முழு வான்கோழி அப்படி அல்ல. ஐந்து, ஆறு கிலோ எடையுள்ள பறவை எலும்போடு அப்படியே ஓவனுக்குள் போகிறது. உள்ளே வெந்ததா இல்லையா என்பது பெரும்பாலும் விருந்தினர்கள் மேசையில் அமர்ந்த பிறகு, கத்தி இறங்கும்போதுதான் தெரிகிறது. அதோடு இது ஆண்டுக்கு ஒரு முறை செய்யும் சமையல். சென்ற ஆண்டு செய்த தவற்றை மறந்துவிடுவதற்குப் பன்னிரண்டு மாதங்கள் போதும்.

நன்றி நவிலும் நாள் அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை கொண்டாடப்படுகிறது. 1863இல், உள்நாட்டுப் போரின் நடுவே, அதிபர் லிங்கன் அதை நாடு முழுமைக்குமான நாளாக அறிவித்தார். நான்காவது வியாழன் என்பது 1941இல் சட்டமாயிற்று. மதச் சார்பின்றி எல்லாக் குடும்பங்களும் கூடும் நாள் என்பதால், படிக்கவோ வேலைக்கோ அங்கு போகும் மலேசிய, சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கும் விருந்து அழைப்பு வருவதுண்டு. இரண்டொரு ஆண்டுகளில் அவர்களே விருந்து வைக்க வேண்டிய முறை வந்துவிடுகிறது. அப்போதுதான் ஊரில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசி அழைப்பு போகிறது. பாவம், அம்மாவுக்கும் இது புதிது.

உறைந்த பறவையும் நான்கு நாள் கணக்கும்

முதல் முறை சமைப்பவர் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் அடுப்பு அல்ல, நாள்காட்டி. கடைகளில் பண்டிகைக் காலத்தில் விற்கும் வான்கோழிகளில் பல கல்லைப் போல உறைந்தவை. அதன் உறைபனி முழுதும் இளகிய பிறகே சமைக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், 4 பாகை செல்சியஸ் குளிரில் வைத்தால், ஏறத்தாழ இரண்டு கிலோவுக்கு ஒரு முழு நாள் என்பது அமெரிக்க வேளாண் துறை தரும் கணக்கு. ஏழு, எட்டுக் கிலோ பறவைக்கு நான்கு நாள். அதாவது, வியாழக்கிழமை மதிய விருந்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையே பறவை உறைபெட்டியை விட்டுக் கீழே இறங்கியிருக்க வேண்டும். முன்கூட்டியே இளகிவிட்டாலும் கவலை இல்லை; இளகிய பிறகு ஓரிரு நாள் அதே பெட்டியில் தாங்கும். கீழே ஒரு தட்டு வைக்க மறந்தால், வடியும் நீர் காய்கறித் தட்டில் இறங்கும்.

புதன்கிழமை இரவு நினைவு வந்தவருக்கும் வழி இருக்கிறது. பையைப் பிரிக்காமல், நீர் புகாதபடி மூடி, குளிர்ந்த நீரில் முழுகப் போட வேண்டும். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை நீரை மாற்ற வேண்டும். ஏறத்தாழ அரைக் கிலோவுக்கு அரை மணி நேரம் வீதம், ஆறு கிலோ பறவைக்கு ஆறரை மணி நேரமாவது பிடிக்கும். இப்படி இளகியதை உடனே சமைத்துவிட வேண்டும். வெந்நீரில் போடுவது கூடாது.

வியாழன் காலையில்தான் நினைவு வந்தது என்றால்? அதற்கும் பதில் உண்டு, பலர் அறியாத பதில். உறைந்த பறவையை உறைந்தபடியே ஓவனில் வைத்துச் சமைப்பது பாதுகாப்பானதே என்கிறது வேளாண் துறை. வழக்கமான நேரத்தைவிடக் குறைந்தது பாதி நேரம் கூடுதலாகும். நான்கு மணி நேர வேலை ஆறு மணி நேரம் ஆகும். விருந்து இரவுக்குத் தள்ளிப்போகுமே தவிர, நின்றுபோகாது. ஆனால் உறைந்த பறவையைக் கொதிக்கும் எண்ணெயில் இறக்குவது வேறு கதை. பனி நொடியில் நீராவியாகி, எண்ணெய் பொங்கி வழிந்து, அடுப்பின் தீயைப் பற்றிக்கொள்ளும். முழு வான்கோழியை எண்ணெயில் பொரிக்கும் பழக்கம் அங்கு உண்டு. அதனால் எரிந்த வீடுகளும் உண்டு. முதல் முறை சமைப்பவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

செய்யக் கூடாத இன்னொன்று, பறவையை இரவு முழுதும் சமையலறை மேடையில் வைத்துவிட்டுத் தூங்கப் போவது. நடுவில் இன்னும் பனி இருக்கும்போதே வெளிப்புறம் அறையின் வெப்பத்துக்கு வந்துவிடும். 4 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. நவம்பர் மாத அமெரிக்கச் சமையலறைக்கே இது தடை என்றால், பகலும் இரவும் 30 பாகையை ஒட்டி நிற்கும் கோலாலம்பூர், சிங்கப்பூர் சமையலறைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பனி கொட்டும் ஊர்க்காரர் ஒருவர், இடம் போதாமல் வான்கோழியை வீட்டுக்கு வெளியே பனிக்குவியலில் வைத்தார் என்றும், இரவில் மேலும் பனி கொட்டியதில் பறவை எங்கே புதைந்தது என்று தெரியாமல் தொலைபேசியில் அழைத்தார் என்றும் பட்டர்பால் ஊழியர்கள் பேட்டிகளில் கதை சொல்வார்கள். அதற்கு அவர்கள்தாம் என்ன பதில் சொல்ல முடியும்?

மஞ்சள் போட்டுக் கழுவும் பழக்கம்

தமிழ்க் குடும்பங்களில் சர்ச்சைக்கு இடமாகும் பகுதி இதுதான். கோழியோ ஆட்டிறைச்சியோ, வீட்டுக்கு வந்தவுடன் மஞ்சளும் உப்பும் போட்டு நாலைந்து தண்ணீரில் அலசினால்தான் சுத்தம் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். கழுவாத இறைச்சியைச் சமைத்தால் மாமியார் சாப்பிட மாட்டார். சந்தையில் கண்ணெதிரே அறுத்துத் தந்த கோழியில் இரத்தமும் இறகும் ஒட்டியிருந்த காலத்தில் அந்தப் பழக்கத்துக்குக் காரணம் இருந்தது.

பொட்டலமாக வரும் வான்கோழி தொழிற்சாலையில் சுத்தம் செய்யப்பட்டது. அதைக் கழுவ வேண்டாம் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்வதற்குக் காரணம், கிருமி தண்ணீரில் சாவதில்லை, தெறிக்கிறது என்பதே. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவை அத்துறை 2019இல் வெளியிட்டது. ஆபத்தில்லாத ஓர் அடையாள நுண்ணுயிரைக் கோழி இறைச்சியில் சேர்த்து, சாதாரண மக்களைச் சமைக்கச் சொன்னார்கள். இறைச்சியைக் கழுவியவர்களில் 60 விழுக்காட்டினரின் கழுவுதொட்டியில் பிறகு அந்த நுண்ணுயிர் இருந்தது. 26 விழுக்காட்டினர் அதைப் பச்சையாகச் சாப்பிடும் கீரைக் கலவைவரை கொண்டு சேர்த்திருந்தார்கள்.

இதோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மைதான். கழுவாதவர்களிலும் 31 விழுக்காட்டினரின் கீரையில் அது போய்ச் சேர்ந்தது. காரணம், பச்சை இறைச்சியைத் தொட்ட கையைச் சரியாகக் கழுவாததுதான். ஆகவே பறவையைக் கழுவுவதைவிடக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவது முக்கியம். பறவையின் ஈரத்தைத் தாளால் ஒற்றி எடுத்துவிட்டு, அதன் மேல் மஞ்சளைத் தாராளமாகத் தடவலாம்; மஞ்சள் மீது யாருக்கும் குறை இல்லை. கழுவினால்தான் மனம் ஆறும் என்பவர்கள், தண்ணீரை மெதுவாகத் திறந்து, தொட்டியையும் சுற்றுப்புறத்தையும் உடனே வெந்நீர், சவர்க்காரம், கிருமிநாசினி கொண்டு துடைத்துவிட வேண்டும். அருகில் கொத்தமல்லியும் வெள்ளரிக்காயும் இருக்கவே கூடாது.

ஈரம் ஒற்றும்போதே வயிற்றுக்குள்ளும் கழுத்துப் பக்கத்திலும் கைவிட்டுப் பார்ப்பது நல்லது. கழுத்தெலும்பு, ஈரல், கற்குடல் ஆகியவை ஒரு சிறு பையில் உள்ளே இருக்கும். அதை எடுக்காமல் சமைத்து, பரிமாறும்போது கண்டெடுத்த குடும்பங்கள் அங்கே ஏராளம். காகிதப் பை என்றால் பரவாயில்லை. பிளாஸ்டிக் உருகியிருந்தால் அந்த இறைச்சியைச் சாப்பிடக் கூடாது.

நெஞ்சுக்கும் தொடைக்கும் வழக்கு

வான்கோழி பெரும்பாலும் நடக்கும் பறவை. நாள் முழுதும் உழைக்கும் கால் தசைகளுக்கு உயிர்வளி அதிகம் தேவை. அதைச் சேமித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதம் அங்கு நிறைய இருப்பதால்தான் தொடைக்கறி கருத்திருக்கிறது. அதில் இணைப்புத் திசுவும் அதிகம். அது உருகிப் பதமாக 80 பாகையையொட்டிய வெப்பம் வேண்டும். நெஞ்சுக்கறி வெளுத்தது, கொழுப்புக் குறைந்தது. அது 74 பாகையைத் தாண்ட ஆரம்பித்தவுடன் சாறிழந்து நார் நாராகிவிடும். தொடைக்காகக் காத்திருந்தால் நெஞ்சு காய்கிறது. நெஞ்சுக்காக எடுத்தால் தொடை சவ்வுபோல் இழுக்கிறது. 'வான்கோழி என்றாலே வறட்சி' என்று பலர் முகம் சுளிப்பது இந்த வழக்கில் வந்த தீர்ப்புதான்.

பழைய தலைமுறைச் சமையலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. முழுப் பறவைக்கு 180 பாரன்ஹீட், அதாவது 82 பாகை செல்சியஸ் என்று வேளாண் துறை முன்பு சொல்லி வந்தது. 2006இல்தான் கோழி இனம் அனைத்துக்கும் 165 பாரன்ஹீட், அதாவது 74 பாகை செல்சியஸ் என்று ஒரே அளவை அறிவித்தது. சால்மோனெல்லா கிருமி அந்த வெப்பத்தில் சில நொடிகளில் அழிந்துவிடும். எட்டுப் பாகை வித்தியாசம் காகிதத்தில் சிறிது, நெஞ்சுக்கறியில் பெரிது.

வழக்கைத் தீர்க்க எளிய வழிகள் சில உள்ளன. நெஞ்சுப் பகுதி சிவந்தவுடன் அதன் மேல் அலுமினியத் தாளைக் கூடாரம் போல் கவிழ்த்தால் அங்கு வேகம் குறையும். முதுகெலும்பை வெட்டி எடுத்துவிட்டு, பறவையைப் புத்தகம் போல் விரித்துத் தட்டையாக வைத்தால் தொடையும் நெஞ்சும் ஏறக்குறைய ஒன்றாக வேகும், நேரமும் வெகுவாகக் குறையும். படத்தில் வரும் முழுப் பறவையின் அழகு போய்விடும் என்பதுதான் குறை. முதல் முறைக்கு அழகைவிடப் பதம் முக்கியம் என்று நினைப்பவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கலாம். கசாப்புக் கடைக்காரரிடம் சொன்னால் அவரே வெட்டித் தருவார். உறைந்த பறவை என்றால் அந்த உதவி கிடைக்காது.

முந்தின நாளே உப்பைத் தோலின் மேலும் தோலுக்கு அடியிலும் தடவி, மூடாமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் உப்பு உள்ளே இறங்கும், தோலும் உலர்ந்து மொறுமொறுப்பாகும். ஆனால் பொட்டலத்தைப் படிக்காமல் உப்பைத் தொடக் கூடாது. உறைந்த வான்கோழிகளில் பலவற்றுக்கு ஏற்கனவே உப்புநீர் ஊசி போட்டிருப்பார்கள். அதன் மேல் மறுபடி உப்புப் போட்டால் கருவாடுதான் மிஞ்சும்.

அடிக்கடி கதவைத் திறந்து, வடிந்த நெய்யை அள்ளி மேலே ஊற்றும் வழக்கம் பார்க்க அழகாக இருக்கும். தோலுக்கு நிறம் தரும், அவ்வளவுதான். அது இறைச்சிக்குள் இறங்குவதில்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஓவனின் வெப்பம் சரிகிறது, விருந்து நேரம் தள்ளிப்போகிறது.

கண்ணை நம்பாமல் வெப்பமானியை நம்புவது

ஓவனின் வெப்பம் 163 பாகைக்குக் குறையக் கூடாது. அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் 325 என்று பாரன்ஹீட்டில் போட்டிருக்கும். அதைச் செல்சியஸ் என்று நினைத்துத் திருகினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வெப்பத்தில், வயிற்றில் எதுவும் அடைக்காத நான்கு, ஐந்து கிலோ பறவைக்கு இரண்டே முக்கால் முதல் மூன்று மணி நேரமும், ஆறு கிலோவுக்கு மூன்று முதல் மூன்றே முக்கால் மணி நேரமும் ஆகும்.

ஆனால் நேரம் ஒரு மதிப்பீடுதான். ஒவ்வோர் ஓவனும் ஒவ்வொரு மாதிரி. தோல் பொன்னிறமானால் வெந்துவிட்டது என்பதும், வடியும் சாறு தெளிவாக இருந்தால் போதும் என்பதும் தவறான நம்பிக்கைகள். தோல் சிவந்து உள்ளே பச்சையாக இருக்கலாம். நன்றாக வெந்த பிறகும் எலும்பருகே கறி இளஞ்சிவப்பாகவே நிற்கலாம். சில பறவைகளில் தானே மேலெழும்பும் சிறு பிளாஸ்டிக் குமிழ் குத்தி விற்கிறார்கள். அதுவும் ஓர் இடத்தை மட்டுமே காட்டும். உணவுக்கான வெப்பமானி ஒன்றை வாங்கி, தொடையின் உட்பகுதி, இறக்கையின் உட்பகுதி, நெஞ்சின் தடித்த இடம் ஆகிய மூன்றிலும் எலும்பில் படாமல் குத்திப் பார்க்க வேண்டும். மூன்றிலும் 74 வந்தால் அடுப்பை அணைக்கலாம். முதல் முறை சமைப்பவர் ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் செலவழிக்க முடியும் என்றால் அது இந்த வெப்பமானியாக இருக்கட்டும். வெள்ளித் தட்டு பிறகு வரலாம்.

தொடரில் அதிபர் கேட்ட கேள்விக்கும் இங்கேதான் விடை. வயிற்றுக்குள் அடைத்த கலவை, பச்சை இறைச்சியின் சாற்றை உறிஞ்சிக்கொள்கிறது; வெப்பம் கடைசியாகப் போய்ச் சேரும் இடமும் அதுவே. கலவையின் நடுவிலும் 74 பாகை வந்தாக வேண்டும். அது வரும்வரை காத்திருந்தால் நெஞ்சுக்கறி காய்ந்துவிடும். கலவையைத் தனிப் பாத்திரத்தில் வேகவைத்துப் பக்கத்தில் பரிமாறுவது இரண்டு தொல்லையையும் தீர்க்கும்.

வெளியே எடுத்தவுடன் வெட்டக் கூடாது. இருபது நிமிடம் அப்படியே விட்டால் சாறு கறியில் தங்கும். பசியோடு சுற்றி நிற்பவர்களைச் சமாளிப்பதுதான் அந்த இருபது நிமிட வேலை.

டிசம்பரில் நம் ஊர் ஓவன்கள்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் டிசம்பர் வந்தால் பேரங்காடிகளின் உறைபெட்டிகளில் வான்கோழி தலைகாட்டும். கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே செய்து பார்க்க விரும்புவோர் கடைக்குப் போகுமுன் ஓவனின் உட்புறத்தை அளந்துகொள்வது நல்லது. அடுக்குமாடி வீடுகளில் மேசைமேல் வைக்கும் சிறு ஓவன்களில் ஆறு கிலோ பறவை நுழையாது. நுழைந்தாலும் மேல்கம்பியில் தோல் ஒட்டிக் கருகும். சுற்றிலும் சூடான காற்று ஓட இடம் வேண்டும். நான்கு கிலோ பறவை, அல்லது நெஞ்சுப் பகுதி மட்டும் வாங்குவது புத்திசாலித்தனம். தலைக்கு அரைக் கிலோ என்று கணக்கிட்டால் எட்டுப் பேருக்கு நான்கு கிலோ போதும். எலும்பும் சேர்ந்த எடை அது.

விருந்து முடிந்த பிறகும் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமியால் வயிற்றுப்போக்கு பரவுவது அமெரிக்காவில் வழக்கம் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு நிலையங்கள் எச்சரிக்கின்றன. நன்றாக வெந்த இறைச்சியே மேசையில் மணிக்கணக்காக ஆறிக் கிடந்தால் இது வரும். இரண்டு மணி நேரத்துக்குள் மீதியைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். வெப்பம் 32 பாகையைத் தாண்டும் இடத்தில் ஒரு மணி நேரம்தான் அவகாசம். திறந்த வீட்டு உபசரிப்பில் காலை முதல் மாலைவரை விருந்தினர் வந்துகொண்டே இருக்கும் நம் வழக்கத்துக்கு இது கொஞ்சம் இடிக்கும். முழுப் பறவையையும் மேசையில் வைக்காமல், பாதியை அறுத்து உள்ளே வைத்து, தேவைக்கேற்பச் சூடாக்கிப் பரிமாறலாம்.

கறியை எலும்பிலிருந்து பிரித்து, ஆழமில்லாத பாத்திரங்களில் பரப்பி வைத்தால் சீக்கிரம் குளிரும். மூன்று, நான்கு நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். அதற்கு இங்கே வழிக்குப் பஞ்சமில்லை. மலாக்கா, சிங்கப்பூர் யுரேஷியக் குடும்பங்கள் கிறிஸ்துமஸ் விருந்தில் மிஞ்சிய இறைச்சியை மிளகாய், கடுகு, காடி சேர்த்து 'டேபல்' கறியாக வைப்பார்கள். நம் வீடுகளில் அது மிளகுப் பிரட்டலாகலாம். எலும்புகளை மட்டும் எறிந்துவிடக் கூடாது. இஞ்சி, பூண்டு, சீரகம் தட்டிப் போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டால், மறுநாள் மழை மாலைக்கு ஒரு பானை சூப் இருக்கும்.